வாயிற்காவலும் அடையாளச் சீட்டும்: இணையப் பிரவேச முறையின் வரலாறு

ஒருவர் தம் பெயரையும் ரகசியச் சொல்லையும் தட்டி ஓர் இணையத்தளத்தினுள் நுழைவதைப் பற்றிப் பேசும்போது, நாம் பெரும்பாலும் அந்த லாகின் பக்கத்தை மட்டுமே மனத்திற் கொள்கிறோம். நுழைந்த பின்னர் அவர் பக்கத்துக்குப் பக்கம் செல்லுந்தோறும், சற்று முன் வந்தவரே இவர் என்று சர்வர் எவ்வாறு கண்டுகொள்கிறது என்னும் கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே. வாயிலைக் காக்கும் சாஸ்திரம் 1970-களிலேயே பெரிதும் பக்குவம் அடைந்துவிட்டது. வாயிலைக் கடந்தவருக்குக் கொடுக்கப்படும் அடையாளச் சீட்டைக் காக்க வேண்டும் என்னும் உணர்வோ 2010-க்குப் பின்னரே பரவலாயிற்று. இந்தக் காலதாமதத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஏககாலத்தில் பங்கிட்டு உபயோகிக்கும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய சகாக்களும் 1961-ஆம் ஆண்டு நவம்பரில் செய்து காட்டினர். சி.டி.எஸ்.எஸ். என்று பெயர்பெற்ற அந்த அமைப்பில் ஒவ்வொருவருடைய கோப்புகளையும் தனித்தனியே காக்க வேண்டியிருந்தமையால் பாஸ்வேர்டு என்னும் ஏற்பாடு தோன்றியது. ஆனால் எல்லோருடைய பாஸ்வேர்டுகளும் ஒரே கோப்பில், எழுதியது எழுதியபடியே கிடந்தன. 1960-களின் நடுவே ஒரு நாள், அமைப்பைப் பராமரித்த இருவரில் ஒருவர் அன்றைய அறிவிப்பையும் மற்றவர் பாஸ்வேர்டுக் கோப்பையும் ஒரே சமயத்தில் திருத்த நேர்ந்தது. அமைப்பின் கோப்புகளில் ஒரு நேரத்தில் ஒருவரே வேலை செய்வார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டிருந்த எடிட்டர் புரோகிராம், இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கவே, உள்ளடக்கங்கள் இடம் மாறின. அதன்பின் லாகின் செய்த ஒவ்வொருவருக்கும், அறிவிப்புக்குப் பதிலாக, அனைவருடைய ரகசியச் சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. தாம் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் கோர்பட்டோ இச்சம்பவத்தை மறைக்காமல் எடுத்துரைத்தமை, பின்வந்தோருக்கு அவர் செய்த பேருபகாரம் என்றே கருதுகிறேன்.

ரகசியச் சொல்லை உள்ளபடியே வைத்திராமல், திருப்பிக் கணக்கிட இயலாத ஒருவழி உருமாற்றம் செய்து வைக்கும் யுக்தி கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் கண்டது. அதனை யூனிக்ஸ் அமைப்பில் வளர்த்தெடுத்த ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையின் மூல நூல்களுள் ஒன்றாக எண்ணத்தக்கது. அவர்கள் திரட்டிய 3,289 பாஸ்வேர்டுகளில் 86 சதவீதம், சில எழுத்துகளே கொண்ட சொற்களும் அகராதிச் சொற்களுமாக, எளிதில் ஊகிக்கத்தக்கவையாக இருந்தன. ஆகவே, ஒரே ஊகத்தை எல்லோர்மீதும் ஒருங்கே சோதிக்க இயலாதபடி, ஒருவருடைய சொல்லை உருமாற்றுமுன் அதனோடு 4,096 வகைகளில் ஒன்றாக அமையும் ஓர் எண்ணைக் கலக்கும் முறையை, 'உப்பு' என்ற பெயரில், அவர்கள் கைக்கொண்டனர்.

அக்கட்டுரையில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது வேறொரு நுட்பம். பெயர் தவறானாலும் ரகசியச் சொல் தவறானாலும் ஒரே மறுமொழியையே தரவேண்டும், இன்னது தவறு என்று அந்நியனுக்குக் காட்டிக்கொடுக்கலாகாது என்னும் விதியை அவர்கள் அறிந்தே இருந்தார்கள். எனினும், உருமாற்றக் கணக்கை வேண்டுமென்றே மந்தமாக்கியபோது, பெயர் மெய்யாக இருந்தால் மட்டுமே அக்கணக்கு நடந்தமையால், மெய்ப்பெயருக்கு மறுமொழி ஏறத்தாழ அரை விநாடி தாமதித்தும் பொய்ப்பெயருக்கு உடனேயும் வந்தது. வாய் மறைத்ததைக் காலம் சொல்லிவிட்டது. பொய்ப்பெயராயினும் அக்கணக்கைச் செய்தே தீரவேண்டும் என்று அவர்கள் திருத்திக்கொண்டார்கள். இன்று லாகின் பக்கம் எழுதப் புகும் இளைஞர் எவரும் இந்த அரை விநாடியின் கதையைப் படித்துவிட்டே தொடங்க வேண்டும்.

இவ்வளவு நுண்ணறிவும் ஒரு மௌனமான அனுமானத்தின் மீதே நின்றது. டெர்மினலில் அமர்ந்தவர் ஒருமுறை தம்மை மெய்ப்பித்தால், அவர் எழுந்து போகும்வரை அந்தத் தொடர்பு அறுபடாமல் இருந்தது. ஆதலால் அவரை மறுபடியும் அடையாளம் காணவேண்டிய அவசியமே எழவில்லை. செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த வெப் முறையோ ஒவ்வொரு வேண்டுகோளையும் தனித்தனியே ஏற்று, விடையளித்து, உடனே மறந்துவிடுவது. அந்த மறதி குறையன்று; எண்ணற்றவருக்கு ஒரு சர்வர் பணிசெய்ய முடிந்ததற்கு அதுவே உபகாரமாயிற்று. ஆனால் ஒருவரின் அடுத்தடுத்த வேண்டுகோள்களை அவருடையவையே என்று இணைத்துக் காணும் செஷன் என்னும் பிரச்சினை பிறந்ததும் அம்மறதியிலேதான்.

முதற்பரிகாரம், பெயரையும் ரகசியச் சொல்லையும் ஒவ்வொரு வேண்டுகோளோடும் பிரவுசர் திரும்பத் திரும்ப அனுப்புவது. 1996-ஆம் ஆண்டின் ஹெச்.டி.டி.பி. விதியேடு, அலாவுதீன் என்ற பெயரையும் 'திறந்திடு சீசேம்' என்ற சொல்லையும் இதற்கு உதாரணமாகக் காட்டுகிறது. குகையின் மந்திரம் உண்மையில் அலிபாபாவினுடையது. அம்மந்திரம் வழியில் சென்ற கோலம், எவரும் கணத்தில் திருப்பிப் படிக்கத்தக்க வெறும் எழுத்துமாற்றமே. பக்கத்தின் தோற்றம் அமைப்போர் கையில் இல்லை, பிரவுசர் தன் சிறு பெட்டி ஒன்றைத் திறந்து கேட்கும். வெளியேறுவதற்கோ வழியே வகுக்கப்படவில்லை.

இரண்டாம் பரிகாரம், சர்வர் தரும் சிறு குறிப்பைப் பிரவுசர் வைத்திருந்து ஒவ்வொரு வேண்டுகோளோடும் திருப்பி அனுப்பும் குக்கி. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுல்லி, வாடிக்கையாளர் பாதியில் விட்ட கொள்முதலைக் கடையின் சர்வரிலன்றி அவரவர் கம்ப்யூட்டரிலேயே வைக்கவேண்டும் என்ற தேவைக்காக இதனை வகுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த பிரவுசரிலேயே அது இடம்பெற்றது. கடைக்கூடைக்கென்று செய்த அப்பாத்திரத்திலேயே பின்னர் லாகின் செய்தவரின் அடையாளத்தையும் இட்டு வைத்தார்கள். கோயில் வாசலில் செருப்பை விட்டுப் பெறும் டோக்கனை ஒத்தது இது: டோக்கனில் நம் பெயர் இல்லை, எண் மட்டுமே உண்டு, அதைக் கொண்டுவந்து நீட்டுபவர் எவரோ அவரே உடைமையாளர்.

சீட்டின் இந்த இயல்பை உலகம் மெல்லவே உணர்ந்தது. 2002-இல் மித்யா கோல்ஷெக் ஒரு விபரீதத்தை விளக்கினார்: பகைவன் தானே ஓர் எண்ணைப் பெற்று அதைப் பிறர் பிரவுசரில் முன்கூட்டியே புகுத்திவிட்டால், அவர் லாகின் செய்தவுடன் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். லாகின் வெற்றியுற்ற அந்தக் கணத்திலேயே பழைய எண்ணை அழித்துப் புதிய எண் வழங்கவேண்டும் என்ற விதி இதன் பயன். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட், பக்கத்திலுள்ள ஸ்கிரிப்ட் குக்கியைப் படிக்கவொட்டாத ஒரு குறியைத் தன் பிரவுசரில் சேர்த்தது.

ஆயினும் பெருந்தவறு வெளிப்படையாகவே நீடித்தது. தளங்கள் பலவும் லாகின் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்த வழியில் அனுப்பி, பின்னர் வந்த பக்கங்களையெல்லாம், சீட்டையும் சேர்த்து, திறந்த வழியில் அனுப்பின. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் ஃபயர்ஷீப் என்னும் சிறு கருவியை வெளியிட்டார். பொது வைஃபை உள்ள இடத்தில் அதை இயக்கினால், அருகிலிருப்போரின் பெயர்களும் படங்களும் ஓரத்தில் வரிசையாகத் தோன்றும். ஒன்றைச் சுட்டினால் பாஸ்வேர்டு ஏதுமின்றி அவர் கணக்கினுள் நுழையலாம். நிபுணர் பல்லாண்டு எழுதியும் அசையாத தளங்கள் இதன் பின்னரே அசைந்தன. ஜிமெயிலோ அதற்கு முன்பே, அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, முழுவழியையும் மறையாக்கியிருந்தது. ஃபேஸ்புக் 2013-இல்தான் அதனை எல்லோருக்கும் இயல்பாக்கியது. சீட்டுக்கு மற்றோர் அபாயமும் இருந்தது: வேறொரு தளத்தின் தூண்டுதலால் குக்கி தானாகச் சென்றுவிடுவது. அதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, 2020-இல் குரோம் பிரவுசரில் இயல்பாக அமைந்தது.

எஞ்சியிருப்பது வெளியேறும் வழி. பொத்தானை அழுத்தியவுடன் பிரவுசரிலுள்ள குக்கியை மட்டும் அழித்துவிட்டு, சர்வரின் ஏட்டில் அந்த எண்ணைச் செல்லுபடியாகவே விட்டுவைக்கும் வழக்கம் இன்றும் ஒழியவில்லை. முன்னரே களவாடி வைத்திருப்பவனிடம் அந்த எண் உயிரோடிருக்கிறது. ஏட்டிலிருந்து எண்ணை நீக்குவதற்கு வேண்டுவது ஒரே ஒரு வரி.