கப்பல் நின்ற காலம்

கடல் கடந்து பொருளீட்டுதல் நம்மவர்க்குப் புதிதன்று. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில் அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என வரிசையாய் அமைந்த ஊர்களில், “சபருக்குப் போயிருக்கிறார்” என்றால் எவரும் விளக்கம் கேட்பதில்லை. இலங்கை, பர்மா, மலேயா என்று சென்றவர் சில ஆண்டுகள் உழைப்பார், பணம் அனுப்புவார், ஊர் வருவார், மீண்டும் கப்பலேறுவார். இந்த வாழ்க்கைமுறை முழுவதும் ஒரு கப்பல் வழியை நம்பியிருந்தது. அவ்வழி ஒருநாள் அடைபட்டபோது நேர்ந்ததை நம் வரலாறு போதிய அளவில் பேசியதில்லை.

மலேயா செல்வோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறுவர். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ‘ரஜூலா’, ‘ரோணா’ என்னும் இரு கப்பல்கள், 1926இல் கட்டப்பட்டவை, ஆயிரக்கணக்கானோரை மேல்தளத்தில் சுமந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்தன. பினாங்குத் தீவு நம்மவர்க்கு அயலூர் போலத் தோன்றியதில்லை. அங்கே காதிர் முஹ்யித்தீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் உண்டு. சூலியாத் தெரு உண்டு. நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு தர்காவும் உண்டு.

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகர்மீது குண்டு பொழிந்தன. சில நாட்களுக்குள் ஆங்கிலேய ஆட்சியாளர் வெள்ளையரை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றி வெளியேறினர். ஆசிய மக்கள் அறிவிப்பின்றிக் கைவிடப்பட்டனர். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ இதழின் ஆசிரியரும் யாழ்ப்பாணத் தமிழருமான சரவணமுத்து, அனைத்து இனத்தாரையும் சேர்த்து ஒரு சேவைக் குழு அமைத்தார். கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கினார். தீவில் படை இல்லை என வானொலியில் அறிவித்து மேலும் குண்டுவீச்சு நேராமல் காத்தார். டிசம்பர் 19இல் ஜப்பானியர் நுழைந்தனர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. தாயகத்துக்குக் கப்பலுமில்லை, கடிதமுமில்லை.

தீவில் சிக்கியோர் அரிசியின்றி மரவள்ளிக்கிழங்கு தின்று நாள் கழித்தனர். மலேயாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். இவை ஓரளவு எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் இக்கரையில் காத்திருந்த பெண்களின் நிலை என்ன?

கணவர் உயிரோடிருக்கிறாரா இல்லையா என்பது தெரியாத பெண் விதவையுமல்லள், வாழ்வரசியுமல்லள். இத்தா இருக்க வழியில்லை, மறுமணத்துக்கும் வழியில்லை, பாகப் பிரிவினையும் இயலாது. காணாமற்போனவரை ஷரீஅத் ‘மஃப்கூத்’ என்கிறது. அவருடைய வயதொத்தார் இறக்கும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும் என்பது ஹனஃபீ மத்ஹபின் பழைய தீர்ப்பு. இக்கொடுமையைத் தீர்க்க, மாலிக்கீ மத்ஹபின்படி நான்காண்டுத் தவணையை ஏற்கலாம் என மௌலானா அஷ்ரஃப் அலி தானவி நூல் எழுதினார். அந்தத் தவணையே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்திலும் இடம்பெற்றது. நான்காண்டுகள் கணவரைப் பற்றிய செய்தி இல்லையெனில் மனைவி நீதிமன்றத்தை நாடலாம். தீர்ப்பானாலும் அது ஆறு மாதம் கழித்தே செயற்படும். அதற்குள் கணவர் தோன்றி இல்லறக் கடமையாற்ற முன்வந்தால் தீர்ப்பு ரத்தாகும். சபராளி திரும்பி வரக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்து வகுத்த விதி இது.

இச்சட்டம் அக்காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவுக்கே உரியதாயிருந்தது. அன்று அறந்தாங்கி வட்டாரம் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே சட்டம் செல்லும். சில கல் தொலைவிலிருந்த புதுக்கோட்டையோ 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம். இரு பகுதிகளும் ஒரே மாவட்டமானது 1974இல்தான். ஒரே துயரில் ஆழ்ந்த இரு பெண்களுக்கு எல்லைக்கு இப்பால் ஒரு நியாயமும் அப்பால் ஒரு நியாயமும் இருந்தன.

1945 செப்டம்பர் 3இல் ஆங்கிலேயர் பினாங்கில் மீண்டும் இறங்கினர். பிரிவு நீடித்த காலம் மூன்றாண்டு எட்டரை மாதம். சட்டம் குறித்த நான்காண்டு நிறைவதற்குச் சற்று முன்னரே போர் ஓய்ந்தது. ஆயினும் திரும்பி வரக் கப்பல் எளிதில் கிடைக்கவில்லை. போர்ப்பணிக்கு எடுக்கப்பட்ட ‘ரோணா’ 1943 நவம்பர் 26இல் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர் தாக்குதலால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களோடு மூழ்கிவிட்டது. வாழைமரப் படம் பொறித்த ஜப்பானிய நோட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தோர்க்கு அவை வெறுங்காகிதமாயின. செல்வம் தேடச் சென்று வெறுங்கையோடு மீண்டவரையும் அவர்தம் குடும்பம் உயிரோடு வந்தாரே என்று வரவேற்றிருக்கும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது மலேசியாவிலும் வளைகுடாவிலும் நம்மவர் மீண்டும் சிக்கினர். ஆயினும் அன்றாடம் தொலைபேசியில் குரல் கேட்டது. 1942இல் இல்லாதிருந்தது அக்குரலே. வறுமையைப் பகிர்ந்துண்டு தாங்கலாம்; செய்தியின்மையைப் பகிர்ந்துகொள்ள வழியில்லை.

அந்நாளைய பயணச் சீட்டும் கடிதமும் இன்னும் சில வீட்டுப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். அவற்றைப் பழந்தாளென வீசிவிடாது ஊர் ஜமாஅத்துகள் தொகுத்து வைத்தல் வேண்டும். காத்திருந்த மூதாட்டியரைப் பற்றிப் பேரர் அறிந்ததையும் எழுதி வைத்தல் வேண்டும். சென்றவர் வரலாறு ஒரு பாதி எனின், காத்திருந்தவர் வரலாறே மறுபாதி.