கோடிஹள்ளியும் ஒரு கார்பன் மட்கார்டும்

நாங்கள் இப்போது குடியிருக்கும் கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் பார்மா என்று ஒரு ஊர். பார்க்க ஒன்றும் இருக்காது. வரிசையாக வீடுகள், நடுவில் மளிகைக் கடை, அவ்வளவுதான். ஆனால் யூனியன் கார்பைடு கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் இங்கேதான் இருந்தது. 1958இல் ரோஜர் பேக்கன் என்ற இளம் இயற்பியலாளர் அங்கே கார்பனை உருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். உலையின் அடியில் படிந்த கட்டியை உடைத்தால், உள்ளே தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனத்தில் மெல்லிய இழைகள். எஃகைவிடப் பல மடங்கு வலு. ஆனால் ஒரு பவுண்டு செய்ய ஒரு கோடி டாலர் ஆகும் என்பது அவரே போட்ட கணக்கு!

விலையைக் கீழே கொண்டுவந்தது வேறு ஆட்கள். ஜப்பானில் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ 1960களின் தொடக்கத்திலும், இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் வாட், ஃபிலிப்ஸ், ஜான்சன் மூவரும் 1963-64 வாக்கிலும் வழி கண்டார்கள். மூலப்பொருள், நம் ஸ்வெட்டர்களில் வரும் அக்ரிலிக் நூலின் உறவுக்காரன். அதை இழுத்துப் பிடித்தபடி முதலில் காற்றில் 200-300 டிகிரியில் வாட்ட வேண்டும். பிறகு நைட்ரஜனில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட வேண்டும். எடையில் பாதி போய்விடும். மிச்சம் இருப்பது ஏறக்குறைய வெறும் கார்பன்.

ரோல்ஸ் ராய்ஸ் உடனே இதை நம்பி ஆர்பி211 விமான இன்ஜினுக்கு விசிறி இறக்கை செய்தது. பறவை மோதினால் தாங்குமா என்று 1970இல் கோழியை எறிந்து சோதித்தார்கள். இறக்கை சிதறியது. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. 1971 பிப்ரவரியில் கம்பெனியே திவால். (காரணம் கோழி மட்டும் இல்லை, ஆனால் கதையில் கோழிதான் நிற்கிறது!) இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

சரி, நம்ம பெங்களூருக்கு வருவோம்.

பழைய ஏர்போர்ட் ரோட்டில் கோடிஹள்ளி பக்கம் போனவர்களுக்கு என்.ஏ.எல். வளாகம் தெரிந்திருக்கும். 1959இல் டெல்லியில் தொடங்கி, அடுத்த வருடமே பெங்களூருக்கு வந்த ஆராய்ச்சிக்கூடம். அதன் பொருளறிவியல் பிரிவை வளர்த்தவர் சி.வி.ராமனின் சகோதரி மகன் எஸ்.ராமசேஷன். கார்பன் இழை ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் ஆகும் சரக்கு. அதனால் நல்ல ரகத்தை யார் யாருக்கு விற்கலாம் என்று வல்லரசுகள் பட்டியல் போட்டு வைத்திருந்தன. 1987இல் வந்த ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தியா சேர்ந்தது 2016இல்தான். ஆகவே இழையும் செய்யப் பழக வேண்டும், அதை வேக வைக்கும் ஆட்டோகிளேவும் செய்யப் பழக வேண்டும். இரண்டையும் என்.ஏ.எல். செய்தது.

ஆட்டோகிளேவ் என்றால் பிரமாண்டமான பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏழு வளிமண்டல அழுத்தம், 180 டிகிரி சூடு. இழைகளுக்கு நடுவில் காற்றுக் குமிழ் எதுவும் தங்காமல் நசுக்கிவிடும். தேஜஸ் விமானத்தின் வால் துடுப்பை என்.ஏ.எல். இப்படித்தான் கார்பன் இழையில் செய்தது. 2001 ஜனவரி 4ஆம் தேதி எச்.ஏ.எல். ஓடுபாதையிலிருந்து முதல் தேஜஸ் எழும்பியது. அந்த விமானத்தின் உடல் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் இந்த மாதிரிக் கலவைப் பொருள்தான்.

இப்போது மோட்டார் சைக்கிள். அதே பெங்களூரில் இருக்கும் என் தம்பி பையன் தன் பைக்குக்கு வீட்டிலேயே கார்பன் ஃபைபர் பாகங்கள் செய்கிறான். பழைய மட்கார்டின் மேல் அச்சு எடுத்து, மெழுகு பூசி, கார்பன் துணியை எபாக்ஸி ரெசினில் நனைத்துப் படிய வைத்து, பிளாஸ்டிக் பையால் மூடி, பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரால் காற்றை உறிஞ்சுகிறான். நம் கடற்கரையில் ஃபைபர் போட் செய்கிறவர்கள் பிரஷ்ஷும் ரெசினுமாக வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே வித்தைதான். நம் பாட்டிகள் வைக்கோல் சேர்த்துக் குழைத்த நெற்குதிரும் இந்தச் சாதிதான். மண் தனியாக விரியும், வைக்கோல் தனியாக வளையும், சேர்ந்தால் நிற்கும்.

மட்கார்டு அருமையாக வந்தது. படம் அனுப்பினான். அடுத்து ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்டும் செய்யப்போவதாகச் சொன்னபோதுதான் எனக்குப் பகீர் என்றது.

பையில் காற்றை எடுத்தால் அழுத்துவது வெளிக்காற்று மட்டுமே. கடலோரத்தில் அது ஒரு வளிமண்டலம். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே அதிலும் பத்து சதவீதம் குறைவு! ஏழு எங்கே, முக்காலே அரைக்கால் எங்கே. உள்ளே தங்கிய குமிழ் கண்ணுக்குத் தெரியாது. இரும்பு ஹேண்டில்பார் வண்டி விழுந்தால் வளையும், வளைந்தது தெரியும். கார்பன் வளையாது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும், அதுவும் ஹோசூர் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில்.

"பெரியப்பா, ஜான் பிரிட்டன் வீட்டில்தானே செய்தார்?" என்று மடக்கினான். நியாயமான கேள்வி. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நாலைந்து நண்பர்களோடு, சக்கரம், முன் ஃபோர்க், பின் ஸ்விங் ஆர்ம் வரை கார்பனில் செய்து, பெரிய கம்பெனிகளை ரேஸில் கதிகலங்க வைத்தவர் அவர். ஆனால் அவர் பொறியியல் படித்தவர். செய்ததை டிராக்கில் ஓட்டி, உடைத்து, திருத்தி, திரும்பச் செய்தவர். ஓட்டியவர்களுக்கும் தாங்கள் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும். மொத்தம் பத்து வண்டிகள்தான். 1995இல் 45 வயதில் புற்றுநோயில் இறந்துபோனார். பையன் அவர் வண்டியின் படத்தைப் பார்க்கிறான், உடைந்த பாகங்களின் படம் யாரிடமும் இல்லை.

கோழிக் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, செயின் கவரும் சைடு பேனலும் மட்டும்" என்றான்.

உங்கள் வீட்டுப் பையன்களும் (பெண்களும்தான்) இதில் இறங்கினால் இரண்டு விஷயம். உப்புத்தாள் போடும்போது பறக்கும் தூள் தோலில் அரிக்கும், நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் ஊற்றித் தேய்க்கட்டும், நல்ல மாஸ்க் போடட்டும். அடுத்து, கார்பனோடு அலுமினிய போல்ட் நேராகத் தொட்டால், மழை ஈரத்தில் அலுமினியம் அரித்துப் போகும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் வாஷர் போதும்.