பாட்டு எப்போது முடிகிறது?

பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடியில் இன்று ஓர் இளைஞர் திருவிழாப் பாடல் ஒன்றை உருவாக்க விரும்பினால், அதற்காகச் சென்னைக்குச் செல்ல வேண்டியதில்லை. கணிப்பொறி ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றும் இருந்தால் வீட்டு அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும். இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு பெரும்பொருள் படைத்தவர்க்கும் கிட்டாத வசதி இது. ஆயினும், வசதி பெருகிய அளவுக்குப் பாடல்கள் விரைந்து முடிகின்றனவா? பாடகர் குழுக்களோடு பழகியவர்கள் விடையை அறிவார்கள். மெட்டு ஒரே மாலையில் பிறந்துவிடுகிறது. பாடலோ ஓராண்டு கடந்தும் 'இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது' என்ற நிலையிலேயே நிற்கிறது.

ஒரு பாடலை உருவாக்கி முடிக்க எவ்வளவு காலம் ஆகும்? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு, ஒலிப்பதிவின் வரலாறு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடையை அளித்திருக்கிறது. அவ்விடைகளை வரிசையாக நோக்கினால், நம் காலத்துத் தாமதத்தின் காரணமும் புலனாகும்.

மெழுகு விதித்த எல்லை

1902 ஆம் ஆண்டில் கிராமஃபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்து சேர்ந்தார். அவ்வாண்டு நவம்பரில், புகழ்பெற்ற பாடகி கௌஹர் ஜான் அவர் முன் அமர்ந்து பாடினார். அந்நாளில் மின் ஒலிவாங்கி கிடையாது. பாடுபவர் அகன்ற ஊதுகுழலின் வாய்க்குள் உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வு குழலின் மறுமுனையிலுள்ள ஊசியை அசைக்க, அந்த ஊசி சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களுக்கே இடம் உண்டு. இடையில் தவறு நேர்ந்தால் அழித்துத் திருத்த வழியில்லை. அந்த மெழுகை ஒதுக்கிவிட்டுப் புதிய மெழுகில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பாடி முடித்ததும் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். அது தற்பெருமையன்று. மெழுகுப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனி நாட்டின் ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே தட்டுகளாக அச்சிடப்பட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. பாடியவர் யாரென அங்குள்ள பணியாளர் அறிந்துகொள்ளவே அந்த அறிவிப்பு. 1908 இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை அமையும்வரை இந்நிலை நீடித்தது. பாடுவதற்கு மூன்று நிமிடம், கேட்பவர் கையில் சேர்வதற்குப் பல மாதம் என்பதே அன்றைய கணக்கு.

தென்னகத்திலும் சேலம் கோதாவரி போன்றோர் அந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே இசைத்தட்டுக்குப் பாடினர். மணிக்கணக்காக இராகத்தை விரித்துப் பழகிய கலைஞர்கள், அதன் சாரத்தை மூன்று நிமிடத்துக்குள் பிழிந்து தரக் கற்றனர். கருவியின் குறையே கலைக்கு ஓர் ஒழுங்கைக் கற்பித்தது எனலாம்.

பூலாம்பாடிக்கு அருகிலுள்ள அரும்பாவூரின் மரச்சிற்பத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த ஒழுங்கு விளங்கும். 2020 இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. உளி நீக்கிய மரத்தை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வெட்டும் ஒரு முடிவு. மெழுகுத் தட்டின் முன் அமர்ந்த பாடகரின் நிலையும் அதுவே. முடிவு செய்துவிட்டுத்தான் அவர் வாயைத் திறந்தார்.

நாடா தந்த விடுதலை

1925 இல் மின்முறை ஒலிப்பதிவு வந்தது. குரலின் நுட்பங்கள் தெளிவாகக் கேட்கலாயின. 1931 இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழில் பேசும் படக் காலம் பிறந்தது. தொடக்ககாலப் படங்களில் நடிப்பவரே படப்பிடிப்பின்போது பாடினார்; பக்கவாத்தியக்காரர்கள் படச்சட்டத்துக்கு வெளியே மறைந்து அமர்ந்து வாசித்தனர். பாட்டும் நடிப்பும் ஒரே நேரத்தில் பிழையின்றி அமைந்தாக வேண்டும். 1938 இல் வந்த 'நந்தகுமார்' போன்ற படங்கள் பின்னணிக் குரலுக்கு வழிவகுத்தபின், பாட்டைத் தனியே பதிவு செய்யும் வழக்கம் வேரூன்றியது.

அடுத்துக் காந்த ஒலிநாடா வந்தது. நாடாவை வெட்டலாம், ஒட்டலாம், அழித்து மீண்டும் பதியலாம். ஆனாலும் நெடுங்காலம்வரை பாடகரும் இசைக்குழுவினர் அனைவரும் ஒரே கூடத்தில் கூடியே பாடலைப் பதிவு செய்தனர். ஒரு வயலின் பிசகினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே ஒத்திகைக்கே காலம் செலவாயிற்று. பதிவோ ஒரே கால்ஷீட்டில் முடிந்தது. 1976 இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜா, எல்லா இசைக்கருவிகளுக்கும் உரிய இசைக்குறிப்புகளைத் தம் கையாலேயே விரைந்து எழுதி, கலைஞர்களிடம் அளித்து, அன்றே பாடலைப் பதிவு செய்யும் ஆற்றலுக்குப் பெயர்பெற்றார். அந்த விரைவு, கருவியிலிருந்து வரவில்லை. கூடத்துள் நுழையுமுன்பே பாடல் அவர் உள்ளத்தில் முடிந்திருந்ததால் வந்தது.

ஒலிநாடாவில் பல தடங்களைத் தனித்தனியே பதிந்து பின்னர் இணைக்கும் முறை மேலைநாடுகளில் வளர்ந்தபோது இக்கணக்கு மாறியது. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர், தம் முதல் இசைத்தொகுப்புக்குரிய 10 பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவு செய்தனர். நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த 'சார்ஜண்ட் பெப்பர்' தொகுப்புக்கோ, 1966 நவம்பர் முதல் 1967 ஏப்ரல்வரை ஏறத்தாழ ஐந்து மாதங்கள் தேவைப்பட்டன. திறமை குறைந்ததால் காலம் நீளவில்லை. ஒலியின்மேல் ஒலியை அடுக்கவும் மாற்றிப் பார்க்கவும் வாய்ப்புப் பெருகியது. வாய்ப்புப் பெருகப் பெருக வேலையும் பெருகியது.

தமிழகத்தில் இம்மாற்றத்தின் அடையாளமாக நிற்பவர் ஏ. ஆர். ரகுமான். 1989 இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு சேர்த்து 'பஞ்சதன்' என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992 இல் 'ரோஜா' வெளிவந்தது. ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு கருவியையும் வெவ்வேறு வேளையில் பதிந்து, கணிப்பொறியின் துணையோடு கோக்கும் முறை பரவியது. கூடமே வீட்டில் இருந்தால், மணிக்கணக்கு வாடகை நெருக்குவதில்லை. ஒரு பாடல், அமைப்பவரின் மனம் நிறையும்வரை காத்திருக்கலாம்.

எல்லை இல்லாத காலம்

இன்று அந்த வசதி எல்லாருக்கும் உரியதாகிவிட்டது. பாடல் இயற்றுதல், மெட்டமைத்தல், கருவியிசை கோத்தல், குரல் பதிதல், பின்பு ஒவ்வோர் ஒலியின் அளவையும் நிறுத்துச் சமன்செய்யும் ஒலிக்கலவை, இறுதியாக எல்லா ஒலிபெருக்கிகளிலும் சீராகக் கேட்குமாறு செப்பம் செய்தல் என அத்தனை படிகளையும் ஒருவரே செய்யலாம். எந்தப் படிக்கும் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். பழைய வடிவம் அழிவதில்லை. புதிய வடிவத்துக்குச் செலவுமில்லை. மெழுகு போட்ட எல்லையும், நாடாவின் நீளமும், கால்ஷீட்டின் மணியும் மறைந்துவிட்டன. 'போதும்' என்று சொல்ல வெளியே எவரும் இல்லை. அந்தச் சொல் உள்ளிருந்தே வர வேண்டியிருக்கிறது. நம் காலத்துப் பாடல்கள் முடியாமல் நிற்பதற்குக் காரணம் இதுவே.

ஒலிப்பதிவு தோன்றும் முன்பே இசை படைத்த பெரியோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். 'மெசையா' என்னும் மாபெரும் படைப்பை ஹாண்டல் 1741 ஆகஸ்ட் 22 இல் தொடங்கி, செப்டம்பர் 14 இல், 24 நாட்களில், எழுதி முடித்தார். ஆனால் அத்துடன் அவர் பேனா ஓயவில்லை. அடுத்த ஆண்டு டப்ளின் நகரில் அரங்கேறியபின்பும், கிடைத்த பாடகர்களுக்கு ஏற்பப் பகுதிகளைப் பல ஆண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார். பிராம்ஸ் தம் முதல் சிம்பொனியை முடிக்க ஏறக்குறைய 20 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அது 1876 இல்தான் அரங்கேறியது. மோசார்ட்டுக்கோ காலம் போதவில்லை. இறந்தோருக்கான திருப்பலி இசையை அரைகுறையாக விட்டு 1791 டிசம்பரில் அவர் மறைய, சூஸ்மாயர் அதை நிறைவு செய்தார்.

'சைலண்ட் நைட்' என உலகம் அறிந்த கிறிஸ்து பிறப்புப் பாடலின் வரலாறு இவற்றினும் எளியது. ஆஸ்திரியா நாட்டுக் குருவான யோசப் மோர் 1816 இல் அதன் சொற்களை எழுதினார். அவை இரண்டு ஆண்டுகள் தாளிலேயே இருந்தன. 1818 டிசம்பர் 24 அன்று, ஓபெர்ன்டார்ஃப் ஊரில், ஆசிரியரான ஃபிரான்ஸ் குரூபரிடம் மெட்டமைக்க வேண்டினார். அன்றிரவே கிதார் துணையோடு இருவரும் ஆலயத்தில் அதைப் பாடினர். இரண்டு ஆண்டுகள் செய்யாததை ஒரு திருவிழா இரவு செய்து முடித்தது. அந்த இரவைத் தள்ளிப்போட இயலாது என்பதே காரணம்.

கேட்பவரைச் சேர்தல்

நம் மொழியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஜி. யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900 இல் வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பார் ராஜ் நிறுவிய தமிழ் மையத்தின் முயற்சியால், இளையராஜா அத்திருவாசகத்தைப் பேரிசையாக வடித்தார். ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு அதை வாசித்தது. 2005 இல் அது வெளிவந்து இல்லங்களைச் சென்றடைந்தது.

அதே இளையராஜாவின் சிம்பொனி ஒன்றை 1993 இல் இலண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு ஒலிப்பதிவு செய்தது. அது வெளியிடப்படவில்லை. பின்னர் அவர் ஐந்து வாரங்களில் எழுதியதாக 2024 இல் அறிவித்த 'வேலியண்ட்' என்னும் சிம்பொனி, 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேறியது. இவற்றில் எது முடிந்த இசை? எழுதப்பட்டது, வாசிக்கப்பட்டது, பதியப்பட்டது ஆகிய மூன்றும் முதல் சிம்பொனிக்கும் பொருந்தும். கேட்பவரின் செவி மட்டுமே அதற்கு வாய்க்கவில்லை. ஒரு பாடலின் கடைசி வேலை கூடத்தில் நடைபெறுவதில்லை என்பதை இந்த இரு நிகழ்ச்சிகளும் உணர்த்துகின்றன. அது பிறர் செவியில் விழும்போதே முடிகிறது.

இதனால், அரைகுறையானதை அவசரமாக வெளியிடலாம் என்று பொருள் கொள்ளலாகாது. உழைப்புக்குரிய காலத்தைத் தந்தே ஆக வேண்டும். சுருதி சேராத பாட்டைத் திருவிழா நாளும் காப்பாற்றாது. உழைப்பு எது, தயக்கம் எது என்று பிரித்தறிவதே வேண்டுவது. பாடலை மேம்படுத்தும் மாற்றம் உழைப்பு. நேற்று மாற்றியதை இன்று பழையபடி ஆக்குவது தயக்கம். சிற்பியும் ஒரு கட்டத்தில் உளியைக் கீழே வைத்துக் கண் திறக்கிறார். அதன்பின் அச்சிற்பம் அவருடையது அன்று, ஊருடையது.

நம் சிற்றூர்களுக்கு இது வெறும் கலைச்சிக்கல் அன்று. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கத்தை அதற்குரிய பழைய இராகத்தில் இசைக்க அறிந்தவர்கள், நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் நினைவில் வைத்திருப்பவர்கள், இன்று பெரும்பாலும் முதியவர்களே. அவர்களின் மெட்டுகள் எந்த ஏட்டிலும் இசைக்குறிப்பாக எழுதப்படவில்லை. தரமான கருவி வாங்கியபின், நல்ல கூடம் அமைத்தபின், முறையாகப் பதிவு செய்யலாம் எனக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஓர் ஊரில் ஒரு குரல் அடங்கிவிடுகிறது. கௌஹர் ஜானின் தட்டில் இரைச்சல் மிகுதி. குழலின் குறுகல் அவர் குரலில் படிந்திருக்கிறது. எனினும் நூறாண்டு கடந்தும் அவரை நாம் கேட்கிறோம். குறையோடு முடிந்த பதிவு காலத்தைக் கடந்தது. நிறைவுக்காகக் காத்திருந்த குரல்கள் எத்தனையோ காற்றோடு போயின.

பாட்டை முடிக்க எத்தனை நாள் என்று கேட்பவர்க்கு வரலாறு தரும் விடை ஒன்றே. மூன்று நிமிடத்திலும் முடியும், இருபது ஆண்டிலும் முடியும். ஆனால் நாள் குறிக்காத பாட்டு முடிவதே இல்லை. அடுத்த திருவிழாவை நாளாகக் குறித்துக்கொண்டு, ஊரின் மூத்த குரல் ஒன்றை அதற்குள் பதிவு செய்துவிடுவது நம்மால் இயலக்கூடியதே. அதற்கு இன்று கைப்பேசி ஒன்றே போதும்.