கோபுரம், நிலநடுக்கம், ஒரு மண் பிள்ளையார்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காப்பி குடித்துக்கொண்டே படிக்கலாம். அவசரக்காரர்கள் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். பெயர் வேண்டாம். அவர் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் புரோகிதர், ஓமம் எதுவும் வேண்டாம், மாலை மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான் என்கிறார்கள். பையனின் பாட்டி வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இவருடைய அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஆடிப்பூரத் தேர் பார்த்து வளர்ந்தவர். "சாமி இல்லாத கல்யாணத்துக்கு நான் வரலை" என்று சொல்லிவிட்டார். மாணவர் என்னிடம் கேட்டது இதுதான்: "சார், நீங்க வரலாறு நடத்தினவர். கடவுள் உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. உங்க பேச்சை ரெண்டு பேருமே கேப்பாங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்திருந்தால் ஆழ்வார்களும் சித்தர்களும் இவ்வளவு பாடியிருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால் நான் கோயிலுக்குப் போகிறவன். மார்கழியில் விடியற்காலை குளிரில் நடப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் நம்புகிறேன் என்பது அவருக்குப் பதில் ஆகாது. இந்தக் கேள்வியோடு நம் பக்கத்து மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும். அவரிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

1934 ஜனவரி 15. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பீகாரிலும் நேபாளத்திலும் பெரிய நிலநடுக்கம். முங்கேர், முசாபர்பூர் போன்ற ஊர்கள் தரைமட்டம். பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது காந்தி தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தார். 1933 நவம்பரில் தொடங்கி ஒன்பது மாதம், 12,500 மைல், எட்டு லட்சம் ரூபாய் நிதி. பூகம்பச் செய்தி வந்தபோது அவர் தெற்கே இருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பொதுக்கூட்டம். அங்கேதான் அவர் அந்தப் பேச்சைப் பேசினார்: தீண்டத்தகாதவர்கள் என்று சிலரை ஒதுக்கி வைத்தோமே, அந்தப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் இந்த நிலநடுக்கம். இதை மூடநம்பிக்கை என்று நீங்கள் சொன்னாலும் பரவாயில்லை, என்னோடு சேர்ந்து நம்புங்கள் என்ற பொருளில் பேசினார்.

பாடப்புத்தகத்தில் இது இருக்காது. நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அதே பயணத்தில் குற்றாலம் போனவர், அருவிக்குப் போக எல்லோருக்கும் உரிமை இல்லை என்று தெரிந்ததும் குளிக்காமல் திரும்பினார். குற்றாலத்துக்குப் போய் நனையாமல் வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிலநடுக்கப் பேச்சைக் கேட்டு அதிர்ந்து போனவர்களில் ரவீந்திரநாத் தாகூரும் ஒருவர். கடவுளை மறுத்தவர் அல்ல அவர். காந்தியை மகாத்மா என்று மதித்தவர். ஆனாலும் எழுதினார்: இயற்கையின் நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் இருக்கும், மனிதனின் ஒழுக்கத்தோடு அதை முடிச்சுப் போடக்கூடாது, நீங்கள் இப்படிச் சொன்னால், உங்கள் எதிரிகளும் இந்தப் பேரிடருக்குக் காரணம் நீங்களும் உங்கள் ஆட்களும்தான் என்று சொல்லலாமே? காந்தி செய்ததைக் கவனியுங்கள். தன்னை மறுத்த அந்தக் கடிதத்தைத் தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே 1934 பிப்ரவரி 16 அன்று வெளியிட்டார். பக்கத்திலேயே தன் பதிலையும் போட்டார். தன் நம்பிக்கையை விடவில்லை. நேருவும் பிறகு தன் சுயசரிதையில் இந்தப் பேச்சு தன்னை எப்படித் திடுக்கிட வைத்தது என்று எழுதினார்.

இந்த வழக்கில் நான் தாகூர் பக்கம். முங்கேரில் ஒடுக்கப்பட்டவர்களின் குடிசையும்தானே விழுந்தது? தீண்டாமையால் அடிபட்டவனையே தீண்டாமைக்காகத் தண்டிக்கிற கடவுள் என்ன கடவுள்? இதைக் கேட்க நாத்திகனாக இருக்க வேண்டியதில்லை. நம்புகிறவன்தான் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாகூரின் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு கோயில் கதவும் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊர் ஊராகப் போய், பாவம், தெய்வம் என்று ஜனங்களின் பாஷையில் பேசியவர் காந்தி. அவர் போன வழியில்தான் கதவுகள் அசைந்தன.

அசைந்தது எவ்வளவு கஷ்டப்பட்டு என்பதும் நம் பக்கத்துக் கதைதான். கமுதியில் 1897-இல் நாடார்கள் கோயிலுக்குள் போனதற்காக ராமநாதபுரம் மன்னர் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், நாடார்களுக்கு அந்த உரிமை இல்லை என்று 1908-இல் முடிந்தது. இடையில் 1899-இல் சிவகாசிக் கலவரம். இத்தனைக்கும் அவர்கள் கேட்டது சாமி கும்பிட வேண்டும் என்பதைத்தான். கடவுள் இல்லை என்றா கேட்டார்கள்?

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு போனார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு வரவேற்றார். ராஜாஜி அரசு சட்டம் போட்டுப் பாதுகாப்புக் கொடுத்தது. எதிர்த்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அம்மன் கோயிலை விட்டு வெளியேறிவிட்டாள் என்று சொல்லி, தமிழ்ச் சங்கம் சாலையில் நடேச ஐயர் என்பவரின் பங்களாவில் தனியாக ஒரு மீனாட்சியை வைத்துப் பூசை நடத்தினார்கள். ஒரே ஊர், ஒரே அம்மன். ஒரு கூட்டத்துக்கு அவள் கோயிலுக்குள் இருக்கிறாள், இன்னொரு கூட்டத்துக்குப் பங்களாவில் இருக்கிறாள். இரண்டு கூட்டமும் பக்தர்கள்தான். கடவுள் உண்டா இல்லையா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. யாருக்கு உண்டு என்பதுதான் பிரச்சினை. 1947-இல் ஓமந்தூரார் ஆட்சியில் கோயில் நுழைவுச் சட்டம் மாகாணம் முழுமைக்கும் வந்தது.

இப்போது கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். நம் ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. அவர்களிலேயே எத்தனை பேருக்குக் கோரா என்ற பெயர் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். கோபராஜு ராமச்சந்திர ராவ் என்பதன் சுருக்கம் அது. ஆந்திரத்துக்காரர், அக்மார்க் நாத்திகர், காந்தியோடு நெருங்கிப் பழகியவர். தன் மகளை ஒரு தலித் இளைஞருக்குக் கல்யாணம் செய்துகொடுக்க முடிவு செய்தார். காந்தி அதைச் சேவாகிராம ஆசிரமத்தில் நடத்திவைக்க ஒப்புக்கொண்டார். உறுதிமொழியில் கடவுள் என்று வருகிற இடத்தில் என்ன செய்வது? சத்தியம் என்று மாற்றிக்கொள்ளலாம் என்றார் காந்தி. அதற்கு முன்பே, 1931-லேயே, கடவுளே சத்தியம் என்று சொல்லிவந்ததைத் திருப்பிப் போட்டு, சத்தியமே கடவுள் என்று சொல்லத் தொடங்கியிருந்தவர் அவர். கடவுளை மறுக்கிறவன்கூட உண்மையை மறுக்கமாட்டானே என்பது அவர் சொன்ன காரணம். அந்தக் கல்யாணம் நடந்தது 1948 மார்ச்சில். காந்தி அப்போது இல்லை. ஆனால் அவர் ஒப்புக்கொண்ட மாதிரியே, ஆசிரமத்திலேயே நடந்தது. திருநெல்வேலியில் நிலநடுக்கத்தைப் பற்றி அப்படிப் பேசிய அதே மனிதர்தான் இவர்.

நம் ஊரில் சுயமரியாதைக் கல்யாணங்கள் அதற்கும் முன்பிருந்தே நடந்துவந்தன. 1931-இல் சுயமரியாதை மாநாடு விருதுநகரிலேயே கூடியிருக்கிறது. ஆனால் அப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தை குட்டியோடு இருந்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! 1967-இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். முன்பு நடந்தவையும் செல்லும். இதில் ஒரு சங்கதி: சடங்கு கட்டாயமில்லை என்கிறதே தவிர, சட்டம் சாமியைத் தடுக்கவில்லை. ஆகவே அந்த அம்மாவிடம் நான் சொல்லச் சொன்னது: பேத்தி மாலை மாற்றட்டும். பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் ரங்கமன்னாருக்கு மாலை மாற்றுவதைப் பார்த்தவர்தானே நீங்கள்? மாலை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். திருப்பதிக்கே மாலை அனுப்புகிற ஊர் உங்கள் ஊர். பேத்தியிடமும் சொல்லச் சொன்னேன்: பாட்டி அந்த மாலையை ஆண்டாள் சன்னதியில் வைத்து எடுத்து வந்தால், எங்கே வைத்தீர்கள் என்று கேட்காதே. இருவரும் என்ன முடிவு செய்வார்கள் என்பது அவர்கள் பாடு.

நிற்க. 1949-க்கு வருவோம்.

அந்த வருஷம் அக்டோபர் 17 அன்று டெல்லியில் அரசியல் நிர்ணய சபை. முகப்புரையைக் கடவுளின் பெயரால் என்று தொடங்க வேண்டும் என எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். நம்பிக்கையில்லாதவர்களைக் கட்டாயப்படுத்துவது ஆகாதா என்று ஆட்சேபித்தவர்களில் பட்டம் தாணு பிள்ளை ஒருவர். கடவுளை ஓட்டுக்கு விட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கெஞ்சாத குறை. காமத் விடவில்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்து வாக்களித்த 68 பேரும் நாத்திகர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பலர் வீட்டில் பூசை முடித்துவிட்டுச் சபைக்கு வந்தவர்களாகவே இருக்கும்.

ஆனால் அதே 1949-இல் சென்னை மாகாண அரசுக்கு முத்திரை வரையப்பட்டபோது நடுவில் வந்து நின்றது ஒரு கோயில் கோபுரம்! ஓமந்தூரார் விலகி, ஏப்ரலில் நம் ராஜபாளையம் பூ. ச. குமாரசாமி ராஜா பிரீமியரான காலம். ராஜா தீவிர காந்தியவாதி. தன் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது என்றும், அது மதச் சின்னமல்ல, நம் கட்டடக் கலையின் அடையாளம் என்று பதில் சொல்லப்பட்டது என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அது 192 அடி உயர நம் வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரமா, மதுரை மேலக் கோபுரமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர் என்பது அவர்கள் பக்கத்துக்குப் பலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், காப்பிகூடக் கிடைக்காது.

நான்கு வருஷம் கழித்து, 1953 மே 27, புத்தர் பிறந்த நாள். திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் மண் பிள்ளையார் ஒன்றைப் போட்டு உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள், கடையில் வாங்கின மண் பொம்மை எப்படிப் புனிதப் பொருளாகும் என்று தள்ளிவிட்டன. 1958-இல் உச்ச நீதிமன்றம், அப்படிக் குறுக்கிப் பார்க்கக்கூடாது என்றது. எவ்வளவு அற்பமான பொருளானாலும் ஒரு கூட்டத்தார் அதைப் புனிதம் என்று கருதினால் அது சட்டத்துக்குள் வரும் என்றது. ஆனால் காலம் கடந்துவிட்டது என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பெரியாருக்குத் தண்டனை இல்லை. பிள்ளையாருக்கும் தோல்வி இல்லை. கடவுள் உண்டா என்று நீதிபதிகள் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? நம்புகிற ஆள் உண்டா என்றுதான் கேட்டார்கள். அண்ணாவோ, பிள்ளையாரையும் உடைக்கமாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்கமாட்டேன் என்று ஒரு நடுவழி பிடித்துக்கொண்டார்.

அந்த அண்ணா 1967-இல் முதலமைச்சரானார். கடவுள் பெயரைச் சொல்லாமல் உளமார உறுதி கூறிப் பதவியேற்ற மந்திரிசபை. முத்திரையில் இருந்த சத்யமேவ ஜயதே என்ற வாசகம் தி.மு.க. ஆட்சியில் வாய்மையே வெல்லும் என்று தமிழானது. கோபுரத்தில் யாரும் கை வைக்கவில்லை. உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்துப் பாருங்கள், இருக்கும்.

1934-இல் காந்தி நம் பக்கம் வந்ததைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த ஊர், எந்த இடம், என்ன கொடுத்தார்கள், நகையைக் கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டா என்று எது தெரிந்தாலும் எழுதுங்கள். ஒரு நோட்டில் தொகுத்து வைத்துவருகிறேன். கோபுரச் சண்டைக்கு வருகிற மதுரை மாணவர்கள் தனியாக இன்பாக்ஸில் வரவும்.