குழாய் இழுத்தால் ஷாஃப்ட் நகரும்: கொல்கத்தா மண்ணில் பம்பு இணைப்புச் சோதனை

பம்பின் வாயும் குழாயின் ஃபிளேஞ்சும் பொருந்துகின்றனவா என்ற சோதனை, நிறுவும் நாளில் ஒருமுறை செய்து கையெழுத்திட்டு முடித்துவிடும் வேலையாகவே பெரிதும் கருதப்படுகிறது. கொல்கத்தாவில் அது போதாது. பல்தாவிலிருந்து டாலா தொட்டிக்கு ஏறும் குடிநீரும், பாமர்ஸ் பிரிட்ஜ், பாலிகஞ்ச் நிலையங்கள் வெளியேற்றும் மழைநீரும் பம்புகளை நம்பியவை. நகரின் பெரும்பகுதியில் மேல் பத்துப் பன்னிரண்டு மீட்டர் மென்மையான வண்டல் களிமண். இடையிடையே மக்கிய மரம். இத்தகைய நிலத்தில் பம்பின் அடித்தளம் பைல்கள்மீதும் குழாய் வெறும் மண்மீதும் இருந்தால், இரண்டும் ஒரே அளவில் அமிழா. முதல் நாள் சரியாக இருந்த பொருத்தம் ஆண்டுகள் செல்லச் செல்ல விசையாக மாறிப் பம்பை இழுக்கும்.

எந்த அளவை நம்புவது என்பதிலும் தெளிவு வேண்டும். ஆலைக் குழாய்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. பி31.3 விதி, ஃபிளேஞ்ச் முகங்களுக்கிடையே 200 மி.மீ.க்கு 1 மி.மீ. சாய்வை ஏற்கிறது, இயந்திரம் நிறுவுவதற்கான ஏ.பி.ஐ. 686 அதில் ஐந்தில் ஒரு பங்கையே ஏற்கிறது. 500 மி.மீ. ஃபிளேஞ்சில் இது 2.5 மி.மீ.க்கும் 0.5 மி.மீ.க்கும் உள்ள வேறுபாடு. ஆனால் இடைவெளி மட்டும் விசையைச் சொல்லிவிடாது. ஒரு முனை பிடிக்கப்பட்ட குழாயின் நீளம் பாதியானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். ஆகவே குட்டையான தடித்த குழாயின் சிறு பிசகு, நீண்ட குழாயின் பெரும் பிசகைவிடக் கேடு செய்யலாம். கப்ளிங்கில் மேற்புறத்திலும் பக்கவாட்டிலும் டயல் கேஜ் பொருத்தி, போல்ட்களை இறுக்கும்போது ஷாஃப்ட் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்கிறதா என்று பார்ப்பதே இறுதித் தீர்ப்பு.

குழாய்க்கும் பம்புக்கும் இடையே நெகிழும் இணைப்பான பெல்லோஸ் வைத்தால் இந்தத் தொல்லை தீராதா என்று கேட்கலாம். கட்டுக்கம்பி இல்லாத பெல்லோஸ், அழுத்தத்தின் உந்துவிசையைப் பம்பின்மீதே சுமத்தும்: 600 மி.மீ. விட்டத்தில் 4 பார் அழுத்தம் என்றால் அது பதினொரு டன்னுக்கு மேல். லேசர் கருவியால் மோட்டாரைப் பம்போடு நேராக்கினால் போதும் என்பது இன்னொரு வாதம். அப்போது மோட்டார் நேராவது ஏற்கெனவே திருகிய பம்போடு. கேசிங்கின் திரிபும் பேரிங்கின் சுமையும் அப்படியே இருக்கும். இந்த விதிகள் ஆலைகளுக்கானவை, குடிநீருக்கும் வடிகாலுக்கும் பொருந்தா என்ற மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. பெரிய, மெதுவாகச் சுழலும் பம்புக்கு வரம்பைத் தயாரிப்பாளரிடம் கேட்டுத் தளர்த்தலாம். தளர்த்துவது வரம்பை மட்டுமே. சோதனையைக் கைவிட அது காரணமாகாது.

பம்பை நிறுத்துவது கடினம் என்ற நடைமுறைத் தடையே வலுவானது. மழைக்காலத்துக்கு முன், மாற்றுப் பம்பு ஓடும்போது ஒவ்வொரு பம்பாக நிறுத்தி போல்ட்களைத் தளர்த்தி, நான்கு புள்ளிகளில் ஃபீலர் கேஜால் இடைவெளியையும் கப்ளிங்கில் ஷாஃப்ட்டின் நகர்வையும் குறித்துவைத்தால் தடையைச் சமாளிக்கலாம். பிசகு தெரிந்தால் செயின் பிளாக்கால் இழுத்துச் சேர்க்காமல், குழாயின் தாங்கியைத் திருத்த வேண்டும். அதே புள்ளிகளில் ஆண்டுதோறும் எடுத்த எண்களை அடுக்கிப் பார்த்தால், எந்தப் பக்கம் எவ்வளவு அமிழ்கிறது என்பதும் தெரியும். அடுத்த தாங்கியை எங்கே, எத்தனை மி.மீ. உயர்த்துவது என்பதை அந்தப் பதிவேட்டைக் கொண்டே முடிவுசெய்யலாம்.