ரத்தத்துக்கு ஒரு வாசல்

சென்ற மாதம் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, மூன்று வருஷமாக டயாலிசிஸில் காலம் தள்ளுகிறார். போய் உட்கார்ந்ததும் அவர் வியாதியைப் பற்றிப் புலம்பவில்லை. இடது கையை நீட்டி, "தொட்டுப் பாருங்கள் ஸார்" என்றார்.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று விர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது. நாடித் துடிப்பு என்றால் நடுவே இடைவெளி இருக்கும். இதில் இடைவெளியே இல்லை. சிறு வயதில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்துக் கையில் வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி.

"காலையில் எழுந்ததும் முதல் வேலை இதைத் தொட்டுப் பார்ப்பதுதான். காபிகூட அப்புறந்தான். இது நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்" என்றார் நண்பர்.

ரத்தத்தைச் சுத்தம் செய்யும் யந்திரத்தைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த யந்திரத்துக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாகத் திரும்புகிறது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. தேடிப் படித்தபோது தெரிந்தது: யந்திரத்தைச் செய்வதைவிட, அதற்கு மனித உடம்பில் ஒரு வாசல் அமைப்பதுதான் பெரும் பாடாக இருந்திருக்கிறது.

விஷயம் இதுதான். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வாரம் மூன்று நாள், தடவைக்குச் சுமார் நான்கு மணி நேரம், நிமிஷத்துக்கு 200 முதல் 400 மில்லி லிட்டர் வரை ரத்தம் வெளியே வந்து திரும்ப வேண்டும். இருதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது, அடிக்கடி குத்தினால் ஆபத்து. இருதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை, கையில் பச்சை நரம்பு என்று நாம் சொல்வது, மேலாகவே தெரிகிறது; அதில் வேகம் போதாது. வேகமுள்ளது எட்டாது, எட்டுவதற்கு வேகமில்லை.

1943-ஆம் வருஷம் ஹாலந்து தேசம் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. காம்பன் என்ற சிறு ஊரின் ஆஸ்பத்திரியில் வில்லெம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர் ஒரு விசித்திரமான சாதனத்தைச் செய்தார். மரச் சட்டங்களாலான ஓர் உருளை. அதன்மேல், இறைச்சிக் கடைக்காரர்கள் உபயோகிக்கும் செல்லோஃபேன் குழாயைச் சுற்றினார். உருளை உப்புக் கரைசலில் பாதி முழுகிச் சுழலும். குழாய்க்குள் ஓடும் ரத்தத்திலிருந்து கழிவுகள் கசிந்து கரைசலில் இறங்கிவிடும். மனிதர்களுக்குப் பயன்பட்ட செயற்கைச் சிறுநீரகங்களில் இதுவே முன்னோடி.

அந்த மார்ச் மாதம் அதில் முதலில் சிகிச்சை பெற்றவள் 29 வயதுப் பெண். வீட்டு வேலை செய்து பிழைத்தவள். யந்திரம் தன் வேலையைச் செய்தது. ஒவ்வொரு தடவையும் அவளுடைய ரத்தம் சுத்தமாயிற்று. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ரத்தக் குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு முறை திறந்த குழாய் மறுமுறைக்கு உதவாது. பன்னிரண்டு தடவை ஆயிற்று. அதற்கு மேல் திறப்பதற்கு அவள் உடம்பில் குழாய் இல்லை. அந்தப் பெண் இறந்துபோனாள். யந்திரம் பக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது.

1945 செப்டம்பரில் கோல்ஃபின் யந்திரம் முதல் முதலாக ஓர் உயிரைத் தெளிவாகக் காப்பாற்றியது. பிழைத்தவள் 67 வயது மூதாட்டி, நாஜிகளுக்குத் துணை நின்றதற்காகச் சிறையில் இருந்தவள். அவளைக் காப்பாற்றலாமா என்று கோல்ஃப் யோசிக்கவில்லை. வந்தவள் நோயாளி, அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவளுடைய சிறுநீரகம் தற்காலிகமாக நின்றிருந்தது; சில நாளில் தானாகவே தேறிவிட்டது. அடுத்த பதினைந்து வருஷம் இந்த யந்திரத்தால் பிழைத்தவர்கள் அநேகமாக இவளைப் போன்றவர்களே. சிறுநீரகம் நிரந்தரமாகப் போனவர்களை டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழாய்கள் தீர்ந்த பிறகு என்ன செய்வது? ஸ்வீடனில் நில்ஸ் ஆல்வால் என்பவர் கண்ணாடிக் குழாயை உள்ளேயே விட்டுவைத்துப் பார்த்தார். ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டது.

1960-இன் தொடக்கத்தில், அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னரிடம் நினைவிழந்த நிலையில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். டயாலிசிஸ் செய்ததும் நினைவு திரும்பிப் பேசினார். ஆனால் பரிசோதனையில் சிறுநீரகங்கள் அடியோடு அழிந்துவிட்டன என்று தெரிந்தது. எழுப்பி உட்கார வைத்த மனிதரைச் சாவதற்கு வீட்டுக்கு அனுப்பும்படி ஆயிற்று. அந்த நினைவு ஸ்கிரிப்னரைத் தூங்கவிடவில்லை. ஒருநாள் இரவு விழித்துக்கொண்டபோது யோசனை பிறந்தது. தமனியில் ஒரு குழாய், சிரையில் ஒரு குழாய், இரண்டையும் நிரந்தரமாகப் பொருத்திவிடுவது. யந்திரத்தில் இணைக்காத நேரங்களில் இரண்டு முனைகளையும் வளைந்த குழாயால் சேர்த்துவிடுவது. ரத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் உறையாது அல்லவா?

குழாயின் உட்புறம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். டெஃப்லான் என்ற புதுப் பொருளைப் பற்றிச் சொன்னவர் அங்கிருந்த ஒரு ரண சிகிச்சை நிபுணர். இன்று தோசைக் கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதுதான். வெயின் குவின்டன் என்ற பொறியாளர் அதைச் சூடாக்கி வளைத்துக் கொடுத்தார். 1960 மார்ச் 9-ஆம் தேதி, போயிங் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த 39 வயது க்ளைட் ஷீல்ட்ஸின் கையில் அது பொருத்தப்பட்டது. அதற்குமேல் அவர் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார்.

வாசல் திறந்தது. உடனே கூட்டமும் சேர்ந்துவிட்டது. 1962-இல் சியாட்டிலில் தொடங்கிய சிகிச்சை நிலையத்தில் இடம் மிகச் சில, காத்திருந்தவர் பலர். யாருக்கு இடம் என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்கள். வக்கீல், பாதிரியார், பாங்கிக்காரர், இல்லத்தரசி, அரசாங்க அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், ரண சிகிச்சை நிபுணர். நோயாளிக்கு எத்தனை குழந்தைகள், என்ன சொத்து, கோவிலுக்குப் போகிற வழக்கம் உண்டா என்றெல்லாம் பார்த்தார்கள். காம்பனில் யாரும் கேட்காத கேள்விகள்! அந்த ஏழு பேரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்காலி மூன்று, வருகிறவர் முப்பது என்றால் யாராவது ஒருவர் அந்தப் பாவத்தைச் சுமக்கத்தான் வேண்டும். அமெரிக்க அரசாங்கம் செலவை ஏற்கச் சட்டம் செய்தது 1972-இல்.

ஸ்கிரிப்னரின் குழாயிலும் தொல்லை இருந்தது. தோலைத் துளைத்து வெளியே நிற்கும் எதுவும் கிருமிகளுக்கும் வாசல்தான். சீழ் பிடிக்கும், அடைத்துக்கொள்ளும், தூக்கத்தில் கழன்றால் ரத்தம் கொட்டும். நோயாளிகள் இடுக்கி ஒன்றைக் கட்டிலேயே செருகி வைத்துக்கொண்டு நடமாடினார்கள். சில மாதங்களில் வேறு இடம் தேட வேண்டும். காம்பன் பெண்ணின் கணக்கு, சற்று மெதுவாக!

இதற்கு விடை புதுப் பொருளில் இல்லை. பழைய தவறு ஒன்றில் இருந்தது. ஐரோப்பாவில் எந்த வியாதிக்கும் முழங்கை மடிப்பில் கீறி ரத்தம் வடிய விடுவது ஒரு காலத்தில் வைத்தியமாக இருந்தது. கத்தி சற்று ஆழமாக இறங்கினால் சிரையோடு தமனியும் துளைபடும். இரண்டும் ஒட்டி ஆறிவிட்டால் தமனியின் ரத்தம் நேரே சிரைக்குள் பாயும். சிரை புடைத்து அதிரும். லண்டனில் வில்லியம் ஹன்டர் 1757-லேயே இதை விவரித்து எழுதியிருக்கிறார், ஒரு நோயாக.

நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியில் ஜேம்ஸ் சிமினோ, மைக்கேல் பிரெஷியா என்று இரண்டு டாக்டர்கள். சிமினோ மாணவராக இருந்தபோது செலவுக்காக ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர்; பருத்த சிரையின் அருமை அறிந்தவர். அந்த நோயை ஏன் நாமே வேண்டுமென்று உண்டாக்கக் கூடாது என்று இருவரும் எண்ணினார்கள். 1965 பிப்ரவரி 19-ஆம் தேதி, கென்னத் அப்பெல் என்ற ரண சிகிச்சை நிபுணர் மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்துத் தைத்தார். திறப்பின் நீளம் சில மில்லிமீட்டர். பிளாஸ்டிக் இல்லை, வெளியே நீட்டும் குழாய் இல்லை. சில வாரங்களில் சிரை பருத்துத் தடித்தது. மேலாகவும் இருந்தது, வேகமும் வந்தது.

1966-இல் அவர்கள் இதை வெளியிட்டபோது சபையில் பெரிய ஆரவாரம் இல்லை. ஆனால் ஒருவர் அதன் மதிப்பை உடனே உணர்ந்து, தம் நோயாளி ஒருவரை அந்தத் தையலுக்காக நியூயார்க்குக்கு அனுப்பி வைத்தார். அவர் வேறு யாருமல்ல, ஸ்கிரிப்னர்தான்! தம் கண்டுபிடிப்பைப் பின்னுக்குத் தள்ளும் ஒன்றை மனமார வரவேற்பது எளிதா? கோல்ஃபுக்கும் ஸ்கிரிப்னருக்கும் 2002-இல் லாஸ்கர் பரிசு சேர்த்துக் கிடைத்தது. எனக்கு அந்தப் பரிசைவிட அந்த ஒரு நோயாளியை அனுப்பியதே பெரிதாகத் தோன்றுகிறது.

நண்பரின் கையில் அதிர்வது அந்தப் பிராங்க்ஸ் தையல்தான். ஃபிஸ்டுலா என்று பெயர். அதற்கும் ஆயுள் உண்டு. குறுகும், அடைக்கும், சில இடங்களில் பலூன்போல் வீங்கும். வருஷத்துக்கு 300 ஊசிக்கு மேல் குத்தினால் எதுதான் தாங்கும்? அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. ரத்தம் எடுக்கக் கூடாது. தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. கனமான பை தூக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதாகிவருகிறது என்று தெரிந்தவுடனேயே கை நரம்புகளை, குறிப்பாக அதிகம் பழகாத கையின் நரம்புகளை, கண்ட ஊசிக்கெல்லாம் கொடுக்காமல் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். இதைப் படிப்பவர்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடை பெறும்போது நண்பர் வாசல் வரை வந்தார். என் கைப்பையை வாங்க வழக்கம்போல இடது கையை நீட்டினார். உடனே நினைவு வந்து, சிரித்துக்கொண்டே அதைப் பின்னுக்கு இழுத்து, வலது கையை நீட்டினார்.