கையால் சுழன்ற எஞ்சின்

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே நாம் பெரிதும் வாசித்து வந்திருக்கிறோம். மனிதக் கை எஞ்சினைவிட்டுப் படிப்படியாக விலகிய வரலாறாகவும் அதனை வாசிக்க இடமுண்டு.

தொடக்ககாலக் கார்களின் முகப்பில் வளைந்த இரும்புக் கைப்பிடி ஒன்றைச் செருகிச் சுழற்றினாலன்றி எஞ்சின் கிளம்பாது. தீப்பொறி சற்று முந்திவிட்டால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலைப் பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்பது அக்கால ஓட்டுநர்களின் பாலபாடம். கார் உற்பத்தியாளரான பைரன் கார்ட்டர் 1908இல் இறந்ததற்கு இத்தகைய அடியே காரணம் என்றும், அந்தத் துயரமே காடிலாக் நிறுவனத்தின் ஹென்றி லேலண்டை மாற்றுவழி தேடவைத்தது என்றும் அமெரிக்காவில் ஒரு கதை வழங்கிவருகிறது.

மாற்றுவழியைக் கண்டவர் சார்லஸ் கெட்டரிங். கடைகளின் பணப்பதிவு இயந்திரத்துக்கு முன்னரே மின்மோட்டார் பொருத்தியவர் அவர். சில நொடிகள் மட்டும் மிகுந்த விசையோடு இயங்கினால் போதும் என்ற அதே எண்ணத்தைக் காருக்கும் கொண்டுவந்தார். 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார் மின்விசையால் கிளம்பியது. ஃபோர்டின் 'மாடல் டி' காருக்கு அவ்வசதி 1919இல்தான் வாய்த்தது.

ஆயினும் கைக்கு வேறொரு பணி எஞ்சியிருந்தது. வால்வின் தண்டுக்கும் அதனை அழுத்தும் ராக்கருக்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளி வேண்டும். சூட்டில் உலோகம் விரியும்போது அவ்விடைவெளி இல்லையெனில் வால்வு முழுதாக மூடாது. கசியும் நெருப்பில் அதன் விளிம்பு கருகும். இடைவெளி மிகுந்தாலோ ஓயாத தட்டொலி எழும். பிற்காலத்து ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு விதிக்கப்பட்ட அளவு 0.15 மில்லிமீட்டர். இதனைச் சரிசெய்ய, குளிர்ந்த எஞ்சினை ஸ்பேனரால் மெல்லச் சுழற்றி, குறித்த சிலிண்டரின் இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்த வேண்டும். மின்மோட்டாருக்கு அந்த நிதானம் கிடையாது.

இவ்வேலையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த நூல்களுள் ஜான் முயிர் 1969இல் வெளியிட்ட ஃபோக்ஸ்வாகன் கையேடு முதன்மையானது. பொறியாளரான அவர், ஸ்பேனரையே தொட்டறியாதவருக்கும் விளங்கும்படி அதனை எழுதினார். பீட்டர் ஆஷ்வாண்டனின் சித்திரங்கள் துணைநின்றன. தன் வண்டியைத் தானே பேண இயலும் என்ற துணிவை ஒரு தலைமுறைக்கு அந்நூல் அளித்தது.

விந்தை என்னவெனில், இந்தப் பணியிலிருந்தும் கையை விடுவிக்கத் தொடங்கியது காடிலாக்தான். எண்ணெயின் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் அமைப்பு, 1930இல் அதன் 16 சிலிண்டர் எஞ்சினில் இடம்பெற்றது. அம்முறை பின்னர் பரவலாயிற்று. எனினும் இடைவெளியை அளந்து திருத்த வேண்டிய எஞ்சின்கள் இன்றும் உள்ளன.

மணிக்கட்டை முறித்த கைப்பிடி மறைந்ததற்கு எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் ஸ்பேனரை மெல்லத் திருப்பியவர் பிஸ்டன் மேலேறி அழுத்தம் கூடுவதைத் தம் உள்ளங்கையில் உணர்ந்தார். வால்வு திறந்து மூடும் ஒழுங்கைக் கண்ணால் கண்டார். நான்கு வீச்சுகளின் தத்துவம் அவருக்கு ஏட்டுப்பாடமாக இருக்கவில்லை. கையின் உழைப்பைக் குறைக்க முனைந்த தொழில்நுட்பம், கைவழியே வந்த இந்த அறிவையும் சேர்த்தே குறைத்துவிட்டது.